வீட்டு வாசலுக்குக் கடைசியாக வந்த சட்டம்

விழுப்புரம் சாலையின் கதை – பகுதி 12

சென்ற பகுதியை 1936 ஜூலை 30-ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். போராடிய புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. உழைப்பவரைக் காக்கும் சட்டம் இந்த மண்ணில் அந்த விலைக்குத்தான் கிடைத்தது.

உழைப்பவர் செய்த பொருளைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் தட்டுகிறாரே ஒருவர், அவரைக் காக்கும் சட்டம் எப்போது வந்தது? அதைத் தேடி நகரத்தை விட்டு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போகவேண்டும்.

வில்லியனூர் தாண்டி, தமிழ்நாட்டுக்குச் சொந்தமான கண்டமங்கலத்தைக் கடந்து, மறுபடியும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தால் மண்ணாடிப்பட்டு கொம்யூன். திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்று ஊர்கள் சாலையை ஒட்டி வரிசையாக வரும். ஞானசம்பந்தர் பாடிய திருவடுகூர்தான் இன்றைய திருவாண்டார்கோயில். வடுகீஸ்வரரின் சோழர் காலக் கற்றளி சாலைக்கு அருகிலேயே நிற்கிறது. அதே சாலையில் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. நெல்லும் கரும்பும் விளைந்த பூமிக்கு வாஷிங் மெஷினும் கம்ப்யூட்டரும் எப்படி வந்தன என்பது சட்டத்தின் கதைதான். இந்தச் சாலையில் நின்று பார்த்தால் சட்டம் எந்த வரிசையில் வந்தது என்பது தெளிவாகத் தெரியும். முதலில் எல்லையைக் காக்க வந்தது. பிறகு ஆலையை அழைத்துவர வந்தது. வீட்டுக்குள் இருப்பவரைக் காக்கக் கடைசியில்தான் வந்தது.

எல்லையில் நின்ற சட்டம்

சுதந்திர இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. அந்நியச் செலாவணி கையிருப்பு குறைவு. வெளிநாட்டுப் பொருள் எதுவானாலும் லைசென்ஸ் வேண்டும். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாட்டை இந்தியா 1949-இல் முறித்துக்கொண்டது. அதோடு இந்த ஊர்களின் வயல் வரப்பே சர்வதேச எல்லையாகிவிட்டது. துறைமுகத்தில் வரியில்லாமல் இறங்கிய கடிகாரம், பேனா, ரேடியோ, சீமைச்சாராயம் எல்லாம் வரப்பு தாண்டி இந்தியாவுக்குள் போயின. தடுக்கச் சுங்கச்சாவடிகள் முளைத்தன. வியாபாரப் பொருள்மீது டெல்லி போட்ட சட்டத்தை இந்த ஊர்க்காரர்கள் முதன்முதலில் பார்த்தது, மூட்டையை அவிழ்க்கச் சொன்ன சுங்கக்காரரின் கையில்தான்.

1954 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நெட்டப்பாக்கமும் திருபுவனைப் பக்கத்து ஊர்களும் நகரத்துக்கு முந்திக்கொண்டு இந்தியாவோடு சேர்ந்தன. நவம்பர் 1-இல் நிர்வாகம் முழுவதும் கை மாறியது. சுங்கச்சாவடி போயிற்று. ஆனால் சாவடிக்குப் பின்னால் இருந்த எண்ணம் இன்னும் பெரிய அளவில் தொடர்ந்தது. 1951-ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம், எங்கே செய்யலாம் என்பதையெல்லாம் அரசின் லைசென்ஸ்தான் தீர்மானித்தது.

தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றோடு அரசு நேருக்கு நேர் மோதிய முதல் பெரிய சம்பவம் இந்தக் காலத்தில்தான் நடந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் பொதுவாக 40 சதவீதப் பங்குக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஐபிஎம் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற நாடுகளில் காலாவதியான 1401 ரகக் கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்து இந்தியாவில் வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறது என்ற குற்றச்சாட்டும் அதன்மேல் இருந்தது. ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சராக இருந்தபோது, 1978-இல் ஐபிஎம் மூட்டை கட்டியது. அது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது.

அந்த இடைவெளியில் உள்ளூர் நிறுவனங்கள் எழுந்தன. அன்றைய திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சிவ நாடார் தன் நண்பர்களோடு 1976-இல் தொடங்கிய எச்சிஎல் அவற்றில் ஒன்று. கதவைச் சாத்தியதால் உள்ளே ஒரு தொழில் பிறந்தது என்பது உண்மை. அந்தப் பெட்டிகள் ஒரு சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டாத விலையில் இருந்தன என்பதும் உண்மை. ஆனால் இரண்டையும் பேசியவர்கள் ஒன்றைப் பேசவில்லை: அந்தப் பெட்டி ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா? பங்கு எவ்வளவு, டாலர் எவ்வளவு என்று மட்டும்தான் சட்டம் கேட்டது.

1984-இன் இரண்டு வாரங்கள்

1984 நவம்பர் 19-இல் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்தது. இறக்குமதி எளிதானது, வரி குறைந்தது, தனியார் தயாரிப்பாளர்களுக்கு வழி திறந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை; டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கத்திலேயே மூச்சடைத்துப் போனார்கள்.

தொழிலுக்குக் கதவைத் திறந்துவிட்ட இரண்டு வாரத்துக்குள்ளேயே, திறந்த கதவுக்குக் காவல் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தின் பெரிய திருத்தமும் போபாலுக்குப் பிறகே வந்தன. அதே 1986 டிசம்பர் 24-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. பழுதான பொருளை வாங்கி ஏமாந்தவர், வக்கீல் இல்லாமலேயே தானே போய் வழக்குத் தொடுக்க மாவட்டம்தோறும் ஒரு மன்றம் அமைந்தது.

பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சட்டம் அடிபட்ட பிறகு நஷ்டஈடு வாங்கித் தந்தது. அடிபடாமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை. அந்த வேலைக்கு ஒரு முத்திரை இருந்தது. 1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிர்ணய நிறுவனத்துக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஐஎஸ்ஐ முத்திரை தரும் அதிகாரத்தைக் கொடுத்தது. பெரும்பாலான பொருட்களுக்கு அந்த முத்திரை விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்வது. வீட்டு மின்கருவிகளில் கட்டாயம் என்று 1981-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணையும், பிறகு 2003-ஆம் ஆண்டின் ஆணையும் சொன்னது இஸ்திரிப் பெட்டி, தண்ணீரில் போடும் ஹீட்டர், மின் அடுப்பு, சுவிட்ச், வயர் போன்ற குறிப்பிட்ட சாமான்களுக்குத்தான். கம்ப்யூட்டர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆலையை அழைத்துவந்த சட்டம்

இப்போது நம் சாலைக்குத் திரும்புவோம். புதுச்சேரி அரசு 1974-இல் பிப்டிக் என்ற தொழில் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் என்று தொழிற்பேட்டைகள் உருவாயின. திருபுவனையில் மின்னணுப் பூங்கா வந்தது. 1980-களின் பிற்பகுதியில் டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கூட்டுச்சேர்ந்து திருபுவனையில் வாஷிங் மெஷின் ஆலை தொடங்கின. ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் கல்லில் துணி துவைத்த ஊரில், துணி துவைக்கும் இயந்திரம் லைனில் வரிசையாக நகர்ந்தது. 'வேர்ல்பூல் கம்பெனி' என்பது சுற்றுவட்டாரத்தில் ஒரு முகவரியாகவே ஆயிற்று.

1993-இல் மத்திய அரசு வருமான வரிச் சட்டத்தில் ஒரு சலுகையைச் சேர்த்தது. தொழிலில் பின்தங்கிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அங்கே புதிதாகத் தொடங்கும் ஆலையின் லாபத்துக்கு முதல் ஐந்தாண்டு முழு வரிவிலக்கு என்றது. அந்தப் பட்டியலில் புதுச்சேரி இருந்தது. அதோடு புதுச்சேரி அரசின் விற்பனை வரிச் சலுகை, குறைந்த மின்கட்டணம், மூன்று மணி நேரத்தில் சென்னைத் துறைமுகம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்தன. எச்சிஎல் சேதராப்பட்டில் ஆலை வைத்தது. விப்ரோவும் ஏசரும் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் செய்தன. 1978-இல் விரட்டப்பட்டு, தாராளமயம் வந்தபின் திரும்பிய ஐபிஎம்முக்கும் இங்கே ஆலை இருந்தது. 2005-இல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டர் தொழிலைச் சீனாவின் லெனோவோவுக்கு விற்றபோது அந்த ஆலையும் கைமாறியது.

வெளியிலிருந்து வந்த பாகங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, திருகி முடுக்கி, சோதித்து, மறுபடியும் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பும் வேலை அது. சிப் இங்கே பிறக்கவில்லை, திரை இங்கே பிறக்கவில்லை. என்றாலும் ஐடிஐயும் டிப்ளமோவும் படித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, சீருடையும் மாதச் சம்பளமும் அங்கேதான் கிடைத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் வரிச்சலுகையை நம்பி வந்த தொழில், சலுகை கரைந்தால் என்ன செய்யும்? 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான ஒப்பந்தம் உருவானது. அடுத்த ஆண்டு இந்தியா சேர்ந்துகொண்டது. 2005-க்குள் கம்ப்யூட்டருக்கான இறக்குமதி வரி பூஜ்யமாக வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லையில் நின்ற பழைய காவல் அத்தோடு விலகியது. சீனாவிலிருந்து முழுமையான லேப்டாப் வரியில்லாமல் வந்து இறங்கும்போது, பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டுவதில் லாபம் சுருங்கியது. 2007 ஜூலையில் விற்பனை வரிக்குப் பதிலாகப் புதுச்சேரிக்கு மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2013-இன் கடைசியில் விப்ரோ தன் பெயரில் கம்ப்யூட்டர் செய்வதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது, பொருளை எங்கே செய்தாலும் விற்கும் இடத்தில்தான் வரி என்றாகிவிட்டது. விழுப்புரத்திலும் கடலூரிலும் இருந்து டிவி, ஃபிரிட்ஜ் வாங்கப் புதுச்சேரிக்கு வண்டி கட்டிவந்த காலம் அதோடு முடிந்தது.

சார்ஜரின் முதுகில் ஓர் எண்

2012 அக்டோபர் 3-ஆம் தேதி வெளியான ஓர் ஆணையை நம் ஊரில் அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். மின்னணு, தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை என்பது அதன் பெயர். லேப்டாப், டேப்லெட், பிரிண்டர், மைக்ரோவேவ் அடுப்பு, பெரிய திரை டிவி, செட்டாப் பாக்ஸ் உள்ளிட்ட 15 வகைப் பொருட்களை, இந்தியப் பாதுகாப்புத் தரத்தின்படி ஆய்வகத்தில் சோதித்து, பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு செய்யாமல் செய்யவும் கூடாது, இறக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்றது. 2014 நவம்பரில் மொபைல் போன், சார்ஜர் அடாப்டர், பவர் பேங்க், பேட்டரி ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது 1947-இல். மின்னணுப் பொருளின் பாதுகாப்பு கட்டாயமானது 2012-இல். இரண்டுக்கும் இடையே 65 ஆண்டுகள்.

வீட்டில் இருக்கும் லேப்டாப் சார்ஜரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கருப்புப் பிளாஸ்டிக்கின் முதுகில் பொடி எழுத்தில் பல நாட்டு முத்திரைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவற்றுக்கு நடுவே பிஐஎஸ் முத்திரை. அதன் பக்கத்தில் ஐஎஸ் 13252 போன்ற ஒரு தர எண். அதோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண். அந்த எட்டு இலக்கம், எந்த ஊரில் எந்த ஆலையில் செய்யப்பட்டது என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரே பிராண்டு இரண்டு ஆலைகளில் செய்தால் இரண்டு எண்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்பது வந்துவிடும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன சோதனை? சார்ஜருக்குள் ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட். மறுபக்கம் நாம் தொடக்கூடிய 5 வோல்ட்டோ 20 வோல்ட்டோ. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும், சர்க்யூட் போர்டில் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். அந்த இடைவெளி குறைந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மர் கம்பிக்கு மேல் சுற்றும் காப்பு ஒரு சுற்று மிச்சம் பிடிக்கப்பட்டாலோ, சுவரின் மின்சாரம் நேராகக் கைக்கு வந்துவிடும். ஆய்வகத்தில் இரண்டு பக்கத்துக்கும் இடையே சுமார் 3,000 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். காப்பு தாங்கவேண்டும். காற்றுப் போகும் வழியை அடைத்து, உள்ளே ஒரு பாகத்தைப் பழுதாக்கிச் சூடேற்றிப் பார்க்கிறார்கள். தீப்பிடிக்கக் கூடாது. கசியும் மின்சாரத்தை அளக்கிறார்கள். அது உடலுக்கு உறைக்காத அளவுக்குள் நிற்கவேண்டும்.

மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், குளம்பைத் தட்டிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். வாங்கும் பொருளைத் தானே சோதிக்கத் தெரிந்த மனிதர் அவர். அதே மனிதர் ஒரு சார்ஜரைக் கையில் வாங்கினால் எதைப் பிடித்துப் பார்ப்பார்? ஒட்டி மூடிய பிளாஸ்டிக்குக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. வாங்குபவரின் அனுபவ அறிவுக்கு எட்டாத இடத்துக்குப் பொருள் போய்விட்டபோது, அவருக்குப் பதிலாகப் பார்க்கவேண்டியது அரசின் கடமையாகிறது. தொழில்நுட்பக் கம்பெனிகள்மீது ஒழுங்குமுறை வேண்டும் என்பதற்கு நான் அறிந்த வலுவான நியாயம் இதுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் உண்டு. கம்பெனி கொடுக்கும் மாதிரியை ஆய்வகம் சோதிக்கிறது. பதிவு கிடைத்த பிறகு, வெளியே வரும் ஒவ்வொரு பொருளும் அதே தரம்தான் என்று கம்பெனியே உறுதி கூறுகிறது. கடையிலிருந்து எடுத்து மறுபடி சோதித்தால்தான் அந்த உறுதி நிலைக்கும். எடுக்க ஆள் வேண்டும், சோதிக்கப் பணம் வேண்டும், மாதிரி தோற்றால் விற்ற சரக்கைத் திரும்ப வாங்கவைக்கும் துணிவு வேண்டும். 2017 அக்டோபரில் அமலுக்கு வந்த புதிய பிஐஎஸ் சட்டம் சரக்கைத் திரும்பப் பெறவைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அந்த அதிகாரம் எத்தனை தடவை எடுத்துப் பிரயோகிக்கப்படுகிறதோ அத்தனைக்குத்தான் அதன் பலன்.

கடை இல்லாத கடைக்காரர்

அடுத்த சிக்கல் கடைத்தெருவே இடம் மாறியது. போனில் விரலால் தட்டினால் பொருள் வாசலுக்கு வருகிறது. விற்றவர் யாரோ, எந்த ஊரோ. பழுதானால், 'நாங்கள் சந்தை நடத்துகிறோம், அவ்வளவுதான். விற்றவர் வேறு' என்பது இணைய வணிகக் கம்பெனிகளின் பதிலாக இருந்தது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபோது, பழுதான பொருளால் ஏற்படும் கேட்டுக்குத் தயாரித்தவரும் விற்றவரும் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயமே சேர்ந்தது. அதோடு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் பிறந்தது. ஒருவர் புகார் கொடுக்கக் காத்திருக்காமல், எல்லோர் சார்பிலும் தானே நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

அந்த அதிகாரம் குக்கர்மீதும் நீண்டது. 2021 பிப்ரவரி முதல் வீட்டுப் பிரஷர் குக்கருக்குத் தர முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத குக்கர்கள் இணையத்தில் விற்பனையாகிக்கொண்டே இருந்தன. 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்த ஆணையம், அமேசான் தளம் வழியாக விற்ற 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக அதே உத்தரவு. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு, பொறுப்பு மட்டும் எங்களுடையது இல்லை என்று சொல்ல முடியாது என்பதே அந்த உத்தரவுகளின் சாரம்.

ஒரு லட்சம் ரூபாய் அந்தக் கம்பெனிகளுக்கு ஒரு தொகையே இல்லை. ஆனாலும் அந்த நியாயம் எழுத்தில் பதிவானது பெரிது. 2025 மார்ச்சில் பிஐஎஸ் சென்னைக் கிளை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை நடத்தி, முத்திரையில்லாத 3,000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள். தண்ணீர் பாட்டில், உணவு டப்பா, மின்விசிறி, பொம்மை போன்ற சாமான்கள் அவை. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கும் ஒரு தரம் உண்டு, அது கிடங்குக்குள்ளும் செல்லும் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

மறுபடியும் எல்லைக் கதவு

2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி பழைய கதவின் சத்தம் கேட்டது. லேப்டாப், டேப்லெட், சிறிய கம்ப்யூட்டர், சர்வர் ஆகியவற்றை லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது என்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அறிவித்தது. உடனடி அமல். கம்பெனிகள் பதறின, பண்டிகைக் கால விற்பனை தலைக்குமேல் இருந்தது. மறுநாளே அறிவிப்பு நவம்பர் 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அமெரிக்காவின் வர்த்தகப் பிரதிநிதியும் கவலை தெரிவித்தார். அக்டோபர் 19-இல் லைசென்ஸ் கெடுபிடி தளர்ந்து, இணையத்தில் பதிந்து அனுமதி பெறும் முறையாக அது மாறியது.

கதவைச் சாத்துவதோடு கையில் காசும் காட்டியது அரசு. அந்த ஆண்டு மே மாதம் தகவல் தொழில்நுட்ப வன்பொருளுக்கு 17,000 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நவம்பரில் 27 நிறுவனங்கள் அனுமதி பெற்றன. 2024 செப்டம்பரில் லெனோவோ, தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் செய்யப்போவதாக அறிவித்தது. வரிச்சலுகைக் காலத்தில் வந்த ஆலைகளில் ஒன்று, அடுத்த யுகத்தின் கருவிக்கும் இடம் தருகிறது. புதுச்சேரிக்காரர்கள் மகிழவேண்டிய செய்திதான்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தர முத்திரையை எல்லைக் கதவாகப் பயன்படுத்தினால் இரண்டுமே கெடும். 2023-இல் விஸ்கோஸ் இழைக்கும் பாலியெஸ்டர் நூலுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. வெளிநாட்டு ஆலைகள் பதிவு கிடைக்காமல் தடைப்பட, கச்சாப்பொருள் விலை ஏறி, தமிழ்நாட்டு நூற்பாலைகளும் சிறு நெசவாளர்களும் திணறினார்கள். மூட்டையில் வரும் இழை யாருக்கும் ஷாக் அடிக்காது. 2025 நவம்பரில் அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. பாதுகாப்பு என்ற சொல்லை வேறொரு வேலைக்கு இரவல் கொடுத்தால், உண்மையான பாதுகாப்பு கேட்டுப் போகும்போது தொழில்துறை நம்பாது, மக்களும் நம்பமாட்டார்கள்.

வரிசை மாறவேண்டும்

அரசு கம்பெனிகளைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பவர்களும், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தவேண்டும் என்பவர்களும் எழுப்பும் வாதங்கள் டெல்லியில் நடக்கட்டும். எதை முதலில் காப்பது என்பதுதான் இந்தச் சாலையின் கேள்வி. கஜானாவுக்கு ஒரு நாளில் ஆணை பிறக்கிறது. தொழிலுக்கு ஒரு பட்ஜெட்டில் சலுகை பிறக்கிறது. ஈரக்கையோடு பிளக்கைப் பிடுங்கும் பெண்ணுக்கும், போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே பாடம் படிக்கும் மாணவனுக்கும் ஆணை பிறக்க அறுபத்தைந்து வருடம் ஆனது. 1936-இல் தொழிலாளிக்கு நடந்ததும் 1984-க்குப் பிறகு நடந்ததும் இதே கதைதான்: உயிர் போனபின் சட்டம். அந்த வரிசையை மாற்ற முடியாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

மாற்றத் தேவையானவை பெரிய மலைகளும் அல்ல. புதுச்சேரி நீண்ட காலமாக மின்கருவி செய்யும் பிரதேசம். இங்கே செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன, சோதிக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. தொழிற்பேட்டைகளுக்கு நடுவே, கடையிலிருந்து வாங்கிவந்த பொருளைச் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிடும் ஒரு பொது ஆய்வகம் வேண்டும். இங்குள்ள பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குப் பாகங்களைப் பூட்டச் சொல்லிக்கொடுப்பதோடு காப்பைச் சோதிக்கவும் சொல்லிக்கொடுக்கவேண்டும். சலுகை வாங்கும் ஒவ்வொரு ஆலையும் தன் பொருள் சந்தையில் தோற்றால் எத்தனை நாளில் திரும்பப் பெறும் என்பதைச் சலுகை வாங்கும்போதே எழுதிக்கொடுக்கவேண்டும்.

மக்கள் கையிலும் இன்றைக்கே சில கருவிகள் இருக்கின்றன. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த உரிமை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே கிடையாது. 1915 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலும் புகார் சொல்லலாம். மண்ணாடிப்பட்டு கொம்யூனில் சார்ஜர் வெடித்த வீட்டுக்காரர், பெங்களூரில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனியைத் தன் மாவட்டத்துக்கே வரவழைத்துப் பதில் கேட்கலாம். ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரரை வரப்பில் நிறுத்தி மூட்டையை அவிழ்க்கச் சொன்னது சட்டம். இன்றைக்குக் கம்பெனியை நிறுத்திப் பெட்டியை அவிழ்க்கச் சொல்லும் உரிமையை அவருக்கே கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்கும் ஊர்தான் அடுத்த சட்டத்தை விபத்துக்கு முன்பே கொண்டுவரும்.

அடுத்த பகுதியில்: இதே கொம்யூனில் லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், அதை நம்பிக் கரும்பு போட்டவர்களும்.

(தொடரும்)